மாலையில் மட்டும் அறுந்துபோகும் வைஃபை: பரணில் வெந்த ரவுட்டர்

மாலை ஆறரைக்கு மேல் இணையம் தடுமாறுகிறது. காலையில் ஒரு குறையும் இல்லை. அணைத்துப் போட்டால் சற்று நேரம் சரியாகிறது, பிறகு மறுபடியும் போய்விடுகிறது. இவை மூன்றும் உங்கள் வீட்டில் சேர்ந்து நடந்தால், அதுவும் பங்குனி கடந்து வெயில் ஏறிய பிறகு தொடங்கியிருந்தால், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் ரவுட்டர் இருக்கும் இடத்துக்குப் போய் அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்திலேயே இதை எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் கோடை முழுவதும் நான் பட்ட அவதி இருந்திருக்காது. பணமும் மிஞ்சியிருக்கும். பணத்தைவிடப் பெரிதாக, இரண்டு குடும்பங்கள் என் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் மிஞ்சியிருக்கும்.

வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் எங்கள் வீடு. இரண்டாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடிதான். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அத்தையும்தான். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே மாலை ஆறு மணி என்றால் நமக்கு ஏழரை. வளைகுடாவில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலில்தான் புது வகுப்பு தொடங்கும். பத்தாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள் அப்போதுதான் டியூஷன் தேடுவார்கள். ஆக எனக்கு ஆண்டு முழுவதும் எந்த மாதம் முக்கியமோ, அந்த மாதத்தில்தான் இங்கே வெயில் கொளுத்தத் தொடங்கும்.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த ஊழியர், மொட்டை மாடி வழியாகக் கம்பியை இறக்கி, வாசற்கதவுக்கு மேலே இருக்கும் பரணில் துளை போட்டு, ரவுட்டர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். பரணுக்குத் தச்சர் செய்து கொடுத்த பிளைவுட் கதவு உண்டு. பெட்டி கண்ணில் படாது, தூசி படாது, கம்பி தொங்காது. மின்வெட்டுக்காக வாங்கிய சிறிய யுபிஎஸ்ஸும் பக்கத்திலேயே, சொல்லப்போனால் ரவுட்டருக்கு அடியிலேயே, உட்கார்ந்தது. இணைப்பு வந்தது நவம்பர் மாத மழையில். பிப்ரவரி வரை எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் கோடையில் தொல்லை வந்தபோது பெட்டி இருக்கும் இடத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அங்கேயே இருந்து இத்தனை மாதம் நன்றாகத்தானே வேலை செய்தது!

முதலில் குரல் உடைந்தது. "மிஸ், நீங்கள் பேசுவது கேட்கவில்லை" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு நான் எழுதிக்கொண்டிருக்கும் பலகை அப்படியே உறைந்து நிற்கும். நான் இங்கே இருபடிச் சமன்பாட்டைப் பாதி விளக்கியிருப்பேன், அங்கே அவர்களுக்கு முதல் வரி மட்டும் தெரியும். ஏப்ரல் நடுவில் இணைப்பு மொத்தமாக அறுந்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாக வரத் தொடங்கியது. நாற்காலி போட்டு ஏறி, பரண் கதவைத் திறந்து, சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். அந்தக் கால் மணி நேரம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் பெட்டிக்குள் ஏதோ மென்பொருள் சிக்கல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அணைத்திருந்த அந்த நேரத்தில், கதவும் திறந்திருந்ததால், பெட்டி சற்றே ஆறியது என்பதுதான் உண்மையான காரணம்.

சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "மாலை நேரத்தில் எல்லோரும் பயன்படுத்துவார்கள் மேடம், அதனால் வேகம் குறையலாம்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. மாலையில் நெரிசல் வருவதும் உண்மைதான். அதனால் மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த தொழில்நுட்ப ஊழியர்கள் எல்லோரும் பகலில் வந்தார்கள், பத்து பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டி, "பாருங்கள், முழு வேகம் வருகிறது" என்று சொல்லிவிட்டு, புகாரை முடித்துவிட்டுப் போவார்கள். ஏணியில் ஏறிப் பெட்டியைத் தொட்டவர்கூட இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். தினமும் பத்து வீடு ஏறி இறங்குகிறவர்களுக்கு, மொட்டை மாடிக்கு நேர் கீழே, மூடிய பலகைக்குள் ஒரு மின்னணுப் பெட்டி இருந்தால் கோடையில் என்ன ஆகும் என்பது தெரியாமல் இருக்குமா?

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். நெரிசல்தான் காரணம் என்றதால் மாதம் 300 ரூபாய் கூடுதலான திட்டத்துக்கு மாறினேன். மாலையில் அதே கதை. பிறகு வகுப்பு எடுக்கும் அறைக்குச் சிக்னல் போதவில்லை என்று ஒரு கடைக்காரர் சொல்ல, சிக்னலை நீட்டித் தரும் கருவி ஒன்று, 1,800 ரூபாய். அறுந்துபோகிற இணைப்பை அது எவ்வளவு தூரத்துக்கு நீட்டினாலும் அறுந்த இணைப்புதானே. மடிக்கணினியின் வைஃபைப் பகுதி பழையது என்று யூஎஸ்பியில் செருகும் சிறு கருவி ஒன்றுக்கு 700 ரூபாய். இவையெல்லாம் போகட்டும். மே மாதத் தொடக்கத்தில் ஷார்ஜாவில் இருந்து ஒரு அம்மா மிகவும் மரியாதையாகச் செய்தி அனுப்பினார்: பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறது, வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் மிஸ். அடுத்த வாரமே இன்னொரு குடும்பமும் விலகியது. மாதத்துக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய் வருமானம் அப்படியே நின்றது. பாடம் சொல்லித் தரத் தெரியவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால்கூடத் திருத்திக்கொள்ள வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடுவில் புகுந்து என் வேலையைக் கெடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அந்த இரவுகளில் சரியாகத் தூங்கவே இல்லை.

கீழ்வீட்டில் இருப்பவர்களும் அதே நிறுவனத்தின் இணைப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே அக்கா, பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை விளையாடுகிறான்" என்றாள் அந்தப் பெண். அதே நிறுவனம், அதே கம்பம், அதே மாலை நேரம். நெரிசல் என்றால் அவர்களுக்கும்தானே இருக்க வேண்டும்? உங்களுக்கும் இப்படித் தொல்லை இருந்தால் இந்தக் கேள்வியை முதல் நாளே அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள். செலவில்லாத சோதனை இதைவிட வேறு இல்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடியும் இணைப்பு போனது. புகாருக்காகப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் வேண்டும் என்று சேவை மையத்தில் கேட்டார்கள். ஏறி, பெட்டியைக் கையில் எடுத்தேன். பிடிக்க முடியவில்லை. அடியில் இருந்த யுபிஎஸ்ஸும் அதே சூடு. தலையைப் பரணுக்குள் நுழைத்தபோது முகத்தில் அனல் அடித்தது. மேலே காங்கிரீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் தளம் சுட்டது. அத்தை சுவரில் மாட்டியிருந்த சிறிய வெப்பமானியை எடுத்துப் பரணில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கூடத்தில் 35 காட்டியது பரணுக்குள் 47-க்குப் போனது.

வீடுகளுக்கு விற்கப்படும் பெரும்பாலான ரவுட்டர்களின் விவரத்தாளில், சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். பெட்டிக்கு உள்ளே இருக்கும் சில்லு இதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குச் சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் பொதுவாக விசிறி கிடையாது. துளைகள் வழியாகச் சூடான காற்று மேலே போய், கீழிருந்து புதுக் காற்று உள்ளே வருவதுதான் ஒரே வழி. மூடிய பரணில் அந்தப் புதுக் காற்றே 47 டிகிரி. வெப்பம் ஏறும்போது சில பெட்டிகள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் உறைந்து நிற்கும் அல்லது அணைந்து எழும். ஃபைபர் பெட்டியாக இருந்தால் உள்ளே ஒளியை அனுப்பும் லேசர் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் சூடு ஆகாது.

மாலையில் மட்டும் ஏன் என்பதுதான் என்னை நெடுநாள் குழப்பியது. பகல் முழுவதும் மொட்டை மாடியில் விழும் வெயில் காங்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. ஆகவே, வெளியே காற்று குளிரத் தொடங்கும் மாலையில்தான் கூரையின் உட்புறம் உச்சச் சூட்டில் இருக்கிறது. மேல்மாடியில் குடியிருக்கும் எவருக்கும் இது தெரியும். மே மாத இரவில் மின்விசிறி போட்டால் அனல் இறங்குவது இதனால்தான். அதே நேரத்தில்தான் என் காணொளி வகுப்பும். பெட்டிக்கு வேலை அதிகமாக அதிகமாக உள்ளே உண்டாகும் சூடும் கூடும். வெளிச்சூடும் உள்சூடும் ஊர் நெரிசலும் ஒரே வேளையில் வந்து சேர, பழி முழுவதும் நெரிசலின் மேல் விழுந்தது.

சூடுதானா, இல்லை நிறுவனத்தின் கோளாறா என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகளைப் பிறகு கற்றுக்கொண்டேன். இணைப்பு போகும்போது பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைபர் கம்பியில் ஒளி வரவில்லை. அதை நிறுவனம்தான் பார்க்க வேண்டும். எல்லா விளக்குகளும் ஒரேயடியாக அணைந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எரிந்தால் பெட்டியே நின்று எழுகிறது என்று பொருள். அது சூடாகவோ மின்சாரமாகவோ இருக்கும். கணினியில் கட்டளைச் சாளரம் திறந்து, ரவுட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையோடு அதன் முகவரியைக் கொடுத்து ஓடவிடலாம். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும்; உங்களுடையது பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். இணையம் போன நேரத்தில் ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால், கோளாறு வீட்டுக்குள்தான். அதே முகவரியை உலாவியில் திறந்தால் பெட்டியின் நிர்வாகப் பக்கம் வரும். பெட்டி கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று அங்கே போட்டிருக்கும். பல ஃபைபர் பெட்டிகளில் ஒளி பற்றிய விவரங்கள் உள்ள பகுதியில், லேசர் இருக்கும் அந்த ஒளிக்கருவியின் வெப்பநிலையும் தெரியும். என்னுடையதில் பரணில் இருந்தபோது மாலையில் 75 டிகிரிக்கு மேல் காட்டியது. அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் சேவை மையத்தில் பேச்சின் தொனியே மாறியது. உங்களுக்கும் புகார் கொடுக்க நேர்ந்தால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று தெரியும்படி அப்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கீழே இறக்க நினைத்தாலும் ஃபைபர் கம்பியை நானாக இழுக்கவில்லை. அது செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் ஒளி கசியும், முறிந்தும் போகும். நிறுவனத்திலிருந்து ஆள் வந்து கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஜன்னல் வெயில் விழாத பக்கமாகப் பொருத்திக் கொடுத்தார். கூடுதல் கம்பிக்கும் வேலைக்கும் 500 ரூபாய். சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டியதால் பின்புறத் துளைகள் வழியாகவும் காற்று ஏறி இறங்குகிறது. மேசையில்தான் வைக்க முடியும் என்றால் நான்கு மூலையிலும் தண்ணீர்ப் புட்டி மூடியை வைத்து உயர்த்துங்கள். அடிப்பக்கத் துளைகள் அடைபடாமல் இருக்க அதுவே போதும். செட்டாப் பாக்ஸின் மேல் வைக்காதீர்கள், டிவிக்குப் பின்னால் செருகாதீர்கள், அழகுக்காகப் பூத்துணி போர்த்தாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேலும் வேண்டாம். பின்புறமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ அதன் சூடு மேலே ஏறும். ஈரத்துணி, ஐஸ் பை இவற்றைப் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நீர்த்துளி உள்ளே இறங்கினால் பெட்டியே போய்விடும், அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம்.

இடம் மாற்றியதும் ஒளிக்கருவியின் வெப்பநிலை 55-க்கு இறங்கியது. குரல் உடைவது நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் முழுவதும் தீரவில்லை. அவ்வப்போது, நீளமான வகுப்பின் நடுவில், எல்லா விளக்குகளும் அணைந்து எழுவது தொடர்ந்தது. பெட்டியைத் தொட்டால் இதமான சூடுதான். மனம் மறுபடியும் சோர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் பழைய டிவி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் பெரியவரிடம் பெட்டியையும் அடாப்டரையும் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடாப்டரைக் கையில் எடுத்தார். மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. "சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் காட்டும் அம்மா, பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதோடு இணைத்தார். பல்பு எரிந்த சில நிமிடங்களில் 12 வோல்ட் பத்துக்குக் கீழே சரிந்தது. பெட்டி அதிகமாக உழைக்கும்போது அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைக்காமல் அணைந்திருக்கிறது.

அவர்தான் விளக்கினார். அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சமன்படுத்தும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலரும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மூடிய பரணில் பல வாரம் வெந்தது பெட்டி மட்டும் இல்லை, அதன் பக்கத்தில் செருகியிருந்த அடாப்டரும்தான். யுபிஎஸ்ஸையும் காட்டினேன். அதன் உடல் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலம் சூட்டில் வீங்கினால் அதை இனி மின்சாரத்தில் செருகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். 2,000 ரூபாய்க்கு வாங்கியது. அதைவிட, வாசற்கதவுக்கு மேலே, பிளைவுட்டுக்கு நடுவே அது தீப்பிடித்திருந்தால் வயதான அத்தையை எந்த வழியாக வெளியே அழைத்துப் போயிருப்பேன் என்று நினைத்து அன்று முழுவதும் கை நடுங்கியது. பரணில் லித்தியம் மின்கலத்தோடு எதையாவது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே இறக்கிவிடுங்கள்.

அடாப்டர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொண்டு போங்கள். வோல்ட் எண் அப்படியே பொருந்த வேண்டும். 12 என்றால் 12தான், 9 போடக் கூடாது. ஆம்பியர் எண் பெட்டியில் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. செருகியின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சிறிய வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி நிறுவனத்துடையது என்றால் அடாப்டரையும் அவர்களே இலவசமாக மாற்றித் தரக்கூடும், முதலில் அவர்களைக் கேளுங்கள். எனக்கு அதற்குப் பொறுமை இருக்கவில்லை. புது யுபிஎஸ்ஸை ரவுட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தனியாக மாட்டினேன். புது அடாப்டருக்குப் பிறகு, கத்திரி வெயில் முடியும் வரைக்கும் ஒரு வகுப்புகூட நடுவில் நிற்கவில்லை.

வகுப்பு எடுக்கும் மடிக்கணினிக்கு ரவுட்டரிலிருந்து நேரடியாகக் கேபிள் இழுத்துக்கொண்டேன், 15 மீட்டர். காணொளி வைஃபை வழியாகப் போகாததால் பெட்டிக்கும் பாரம் குறைவு, வகுப்பும் திடமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பெட்டியை அணைத்துவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷால் துளைகளில் படியும் தூசியைத் தட்டுகிறேன். யூஎஸ்பியில் ஓடும் சிறிய விசிறி வைப்பதைப் பற்றியும் பலர் சொன்னார்கள். திறந்த இடத்தில் இருக்கும் பெட்டிக்கு அது தேவைப்படவில்லை. மூடிய இடத்தில் வைத்தாலோ அதே சூடான காற்றைத்தான் சுழற்றும். மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்ததில் வீடே சற்றுக் குளிர்ந்தது, அதை அத்தைக்காகவே முன்பே செய்திருக்கலாம்.

கூடுதல் திட்டத்துக்காகக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. கேட்டுப் பார்த்தேன், அடுத்த மாதத்திலிருந்து பழைய திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சிக்னலை நீட்டும் கருவி இப்போது அலமாரியில் கிடக்கிறது. பெட்டி பரணிலிருந்து கூடத்துக்கு வந்ததும் கடைசி அறைக்கும் சிக்னல் தானாகவே எட்டியது. விலகிய குடும்பங்கள் இரண்டும் அந்த ஆண்டு திரும்பவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் மறுத்தால் இருபுறமும் ஒட்டும் டேப்பில் ரவுட்டரைச் சுவரில் ஒட்ட வேண்டாம். மே மாதச் சூட்டில் அந்தப் பசை இளகி, பெட்டி கீழே விழும், ஃபைபர் இழையும் கூடவே முறியும். ஒரு சிறிய முக்காலியோ திறந்த அலமாரித் தட்டோ போதும், பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் இருக்க வேண்டும்.